லெவன் ஆற்றங்கரையில் ஐந்து நாள்

நாள் 1, புதன்கிழமை: கிளாஸ்கோ

“குடையை நம்பாதீங்க சித்தி. இங்க மழை மேலேர்ந்து வராது, பக்கவாட்டுல வரும்” என்று சொல்லி அக்கா மகள் ஒரு மழைக்கோட்டைக் கையில் திணித்து அனுப்பினாள். அவள் வீடு கிளாஸ்கோவின் தெற்குப் பக்கம். ஐந்து நாளும் அங்கேதான் ஜாகை.

ஸ்காட்லாந்துக்கு வருகிறவர்கள் எடின்பரோ கோட்டையைப் பார்ப்பார்கள், வடக்கே மலைகளுக்குப் போவார்கள். நான் வந்தது மூன்று சின்ன ஊர்களுக்காக: டம்பார்டன், ரென்டன், அலெக்ஸாண்ட்ரியா. லோமண்ட் ஏரியில் பிறந்து கிளைட் ஆற்றில் கலக்கிற லெவன் ஆறு, மொத்தமே பத்து கிலோமீட்டர் அளவுதான் ஓடுகிறது. அந்தக் கரையில்தான் மூன்று ஊரும். மூன்றிலும் 1872 ஆம் ஆண்டு கால்பந்து கிளப் தொடங்கினார்கள். 1877 முதல் 1888 வரை பன்னிரண்டு ஆண்டு ஸ்காட்டிஷ் கோப்பையை எடுத்துக்கொண்டால், பதினோரு ஆண்டு இறுதிக்கு வந்த இரண்டு அணிகளில் ஒன்றாவது இந்த ஆற்றங்கரை அணி. அதில் இரண்டு ஆண்டு, இரண்டு அணியுமே இங்கேயிருந்து வந்தவை.

பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறவள் நான். இந்தக் கணக்கை முதல் முறை கூட்டிப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இவ்வளவு சின்ன ஊர்கள் எப்படி இதைச் செய்தன? செய்துவிட்டு எங்கே போயின?

அலெக்ஸாண்ட்ரியா கிளப்பின் பெயர் வேல் ஆஃப் லெவன். ‘வேல்’ என்றால் அவர்கள் மொழியில் பள்ளத்தாக்கு. தமிழ்க் காதுக்கு அதில் முருகன் கை வேலும் கேட்கிறது, மைதானத்தில் இறங்குகிற லெவனும் கேட்கிறது. எனக்கு அந்தப் பெயர் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்றைக்கு ஹாம்ப்டன் மைதானத்துக்குள்ளேயே இருக்கும் ஸ்காட்லாந்து கால்பந்து அருங்காட்சியகத்துக்குப் போனேன். முதலில் தேடியது ஸ்காட்டிஷ் கோப்பையை. நாடு தழுவிய கால்பந்துக் கோப்பைகளில் இன்றும் மிஞ்சியிருப்பவற்றில் இதுதான் உலகிலேயே பழையது. இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பைப் போட்டி இதைவிட மூத்ததுதான், ஆனால் அதன் முதல் கோப்பை 1895 இல் பர்மிங்காமில் ஒரு கடையிலிருந்து திருடுபோய்விட்டது. இங்கே இருப்பதோ 1874 இல் முதல் முறை கொடுத்த அதே வெள்ளி. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு கோப்பையும் இங்கே உண்டு. அது ரென்டன் ஊருடையது. 1888 இல் ‘உலக சாம்பியன்’ என்று அந்தக் கிராமத்து அணி தன்னை அழைத்துக்கொண்டதன் சாட்சி. அந்தக் கதையை ரென்டனுக்குப் போகும் அன்றைக்கு எழுதுகிறேன்.

பின்னணி கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்தில் கால்பந்துக்கு அஸ்திவாரம் போட்டது 1867 இல் கிளாஸ்கோவில் தொடங்கிய குயின்ஸ் பார்க் கிளப். 1872 நவம்பர் 30 அன்று இங்கிலாந்தோடு நடந்த முதல் சர்வதேச ஆட்டத்தில் ஸ்காட்லாந்துக்காக ஆடிய பதினொரு பேரும் குயின்ஸ் பார்க் ஆட்கள். ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. அடுத்த ஆண்டு மார்ச் 13 அன்று ஸ்காட்லாந்து கால்பந்து சங்கத்தை அமைக்க ஏழு கிளப்கள் கூடின. எட்டாவதான கில்மார்னக் கடிதம் மட்டும் அனுப்பியது. வந்த ஏழில் ஆறு கிளாஸ்கோ கிளப்கள். வெளியூரிலிருந்து ரயிலேறி நேரில் வந்தது வேல் ஆஃப் லெவன் ஒன்றுதான். கிளப் தொடங்கி ஒரு வருடம்கூட ஆகாத சாயப்பட்டறை ஊர்க்காரர்கள் அந்த மேஜையில் போய் உட்கார்ந்ததை நினைத்தாலே எனக்குப் பெருமையாக இருக்கிறது.

மதியம் பக்கத்திலிருக்கும் கேத்கின் பார்க்குக்கு நடந்தேன். குயின்ஸ் பார்க் ஆடிய பழைய மைதானம், அதாவது இரண்டாவது ஹாம்ப்டன் இதுதான். 1884 இல் திறந்தது, பிறகு தேர்ட் லனார்க் கிளப்பின் கைக்கு வந்தது. 1967 இல் அந்தக் கிளப் மூடப்பட்டது. இப்போது பொதுப் பூங்கா. மூன்று பக்கமும் பார்வையாளர்கள் நின்ற படிக்கட்டுகள் அப்படியே இருக்கின்றன. படிகளுக்கு நடுவே மரங்கள் வளர்ந்து நிற்கின்றன. 1888 மே 19 அன்று ரென்டன் அணி உலக சாம்பியன் ஆனது இந்தப் புல்வெளியில்தான். ஒரு பாட்டி தன் நாயை நடுக்கோட்டில் ஓடவிட்டுக்கொண்டிருந்தார். நான் நாலாவது படியில் உட்கார்ந்து கொண்டுவந்த தயிர்சாதத்தைச் சாப்பிட்டேன். மழை சொன்னபடியே பக்கவாட்டில் வந்தது.

நாள் 2, வியாழக்கிழமை: டம்பார்டன்

கிளாஸ்கோ குயின் ஸ்ட்ரீட் நிலையத்தின் கீழ்த்தளத்திலிருந்து பல்லோக் போகும் ரயில். முதலில் கிளைட் ஆற்றை ஒட்டியே போகிறது. டம்பார்டன் நெருங்கும்போது இரட்டைத் தலையோடு ஒரு கரும்பாறை ஆற்றிலிருந்து நேராக எழுந்து நிற்கிறது. அணைந்துபோன எரிமலையின் தொண்டைக்குள் இறுகிய பாறை என்கிறார்கள். அதன் மேல் கோட்டை. ஏறுவதற்கு 557 படி. மூச்சு வாங்கினாலும் ஏறிவிட்டேன். மேலேயிருந்து பார்த்தால் வடக்கே லெவன் ஆறு வளைந்து வளைந்து வந்து காலடியில் கிளைட்டில் சேர்வது தெரிகிறது. நான் போகப்போகிற ஊர்கள் எல்லாம் அந்தப் பச்சைப் பள்ளத்துக்குள்ளே.

கீழே பார்த்தால் டம்பார்டன் கிளப்பின் மைதானம். ஒரே ஒரு பக்கம் மட்டும் இருக்கை மாடம், இரண்டாயிரத்துச் சொச்சம் இருக்கைகள், மற்ற மூன்று பக்கமும் வெட்டவெளி. மாடத்தில் உட்கார்ந்தால் எதிரே இந்தப் பாறைதான் தெரியுமாம். டம்பார்டன் ஆட்டக்காரர்களுக்குப் பட்டப்பெயரே ‘பாறையின் பிள்ளைகள்’. சுருக்கமாக ‘சன்ஸ்’.

இந்த மைதானம் 2000 ஆவது ஆண்டு வந்தது. அதற்கு முன்னால் 1879 இலிருந்து போக்ஹெட் என்ற இடத்தில் ஆடினார்கள், நூற்றிருபது வருடம் ஒரே தரையில். போக்ஹெட் இருந்த இடத்துக்கும் நடந்துபோய்ப் பார்த்தேன், வீடுகள் வந்துவிட்டன. இன்றைய மைதானம் இருப்பது பழைய டென்னி கப்பல் கட்டும் தளத்தின் நிலத்தில். அந்தத் தளம் 1963 இல் மூடப்பட்டது.

டென்னி என்ற பெயரைக் கேட்டதும் நான் கொஞ்சம் நின்றேன். பர்மாவின் ஐராவதி ஆற்றில் ஓடிய பயணக் கப்பல்களில் எத்தனையோ இங்கே கட்டியவை. ரங்கூனுக்குப் பிழைக்கப் போன நம் ஊர்க்காரர்கள் அந்த ஆற்றில் மேலே போனது இந்தக் கரையில் அடித்த ஆணிகளின் மேல் நின்றுதான்.

டென்னி தளத்தில் மிச்சமிருப்பது ஒரு நீளமான தண்ணீர்த் தொட்டி. சுமார் நூறு மீட்டர் நீளம். கப்பலைக் கட்டுவதற்கு முன் மெழுகில் சின்ன மாதிரி செய்து, இந்தத் தொட்டியில் இழுத்துப் பார்த்து, தண்ணீர் எவ்வளவு தடுக்கிறது என்று அளப்பார்களாம். இப்போது அது அருங்காட்சியகம். உள்ளே போனால் குளிர்ந்த தண்ணீரின் வாசனை, பழைய மரத்தின் வாசனை. தொட்டி திறந்த ஆண்டு 1883. அதே 1883 இல்தான் டம்பார்டன் அணி ஸ்காட்டிஷ் கோப்பையை வென்றது. அவர்கள் வென்ற ஒரே ஸ்காட்டிஷ் கோப்பை. இறுதியில் எதிரே நின்றது வேறு யாருமில்லை, ஆற்றின் மேல்பக்கத்து வேல் ஆஃப் லெவன். முதல் ஆட்டம் 2-2, மறு ஆட்டம் 2-1.

கப்பல் தொழிலாளிகளின் ஊர் இது. பள்ளத்தாக்கின் மற்ற இரண்டு ஊரும் துணிக்குச் சாயம் போடுகிறவர்களின் ஊர். இரண்டு தொழிலிலும் சனிக்கிழமை மதியத்தோடு வேலை முடியும். மிச்சமிருந்த அந்த அரைநாளில்தான் இந்த ஆட்டம் வளர்ந்தது.

அப்புறம் லீக். ஸ்காட்டிஷ் லீக்கின் முதல் பருவம் 1890-91. பதினெட்டு ஆட்டம் முடிந்தபோது டம்பார்டனும் கிளாஸ்கோவின் ரேஞ்சர்ஸும் ஆளுக்கு 29 புள்ளி. யார் முதல் என்று முடிவு செய்ய ஒரு ஆட்டம் வைத்தார்கள். அதுவும் 2-2. சரி, இரண்டு பேருமே சாம்பியன் என்று விட்டுவிட்டார்கள். அடுத்த பருவம் டம்பார்டன் தனியாகவே சாம்பியன். ஸ்காட்லாந்தின் முதல் இரண்டு லீக் பட்டமும் இந்த ஊரில் இருக்கிறது! ஐந்தே வருடம் கழித்து, 1897 இல், அதே டம்பார்டன் இரண்டாம் பிரிவிலும் கடைசி இடத்துக்கு வந்து லீக்கைவிட்டே வெளியே போனது. 1906 இல் திரும்பி வந்தது. மூன்று ஊர்க் கிளப்களில் அன்றிலிருந்து இன்றுவரை ஒரே உயிராகத் தொடர்வது டம்பார்டன் மட்டும்தான்.

மைதானத்து வாசலில் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தேன். புல் வெட்டுகிறவர் என்னைப் பார்த்துக் கையசைத்தார். எங்கேயிருந்து வருகிறாய் என்று கேட்டார். சொன்னேன். “இதுக்காகவா அவ்வளவு தூரம்?” என்றார். ஆமாம் என்றேன். அவர் சிரித்துவிட்டு, பெரிய சாவிக்கொத்தை எடுத்து வந்து ஓரத்துக் கதவைத் திறந்துவிட்டார். மாடத்தில் பத்து நிமிடம் தனியாக உட்கார்ந்திருந்தேன். எதிரே பாறை.

நாள் 3, வெள்ளிக்கிழமை: ரென்டன்

டம்பார்டன் சென்ட்ரலிலிருந்து ரென்டன் இரண்டாவது நிறுத்தம். இறங்கினால் ஒரு பெரிய தெரு, பக்கத்துக்கு நாலு சந்து, ஊர் முடிந்துவிடுகிறது. சில ஆயிரம் பேர் இருந்த கிராமம். இங்கே இறங்கும்போது எனக்கு வயிற்றில் ஒரு படபடப்பு இருந்தது உண்மை.

முதலில் ஆற்றங்கரைக்குப் போனேன். டல்குர்ன் என்ற இடத்தில் பெரிய சாயப்பட்டறை இருந்தது. வெளுப்பதற்கும் சாயம் போடுவதற்கும் லோமண்ட் ஏரியிலிருந்து வரும் மென்மையான தண்ணீர் தோதாக இருந்ததால் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இந்த ஆறு முழுக்கத் துணித் தொழில் வந்துவிட்டது. அடுத்த நூற்றாண்டில் இங்கே போட்ட சிவப்புக்கு ‘டர்க்கி ரெட்’ என்று பெயர். வெயிலில் வெளிறாது, துவைத்தால் போகாது. பருத்தி நூலை எண்ணெயில் ஊறவைத்து, சாணத்தில் முக்கி, படிகாரம் கொடுத்து, மஞ்சிட்டி வகை வேரில் கொதிக்கவைத்து, அதில் மாட்டு ரத்தமும் சேர்த்து, வாரக்கணக்கில் நடக்கிற வேலை. பிறகு வேருக்குப் பதில் ரசாயனச் சாயம் வந்தது.

இதைப் படித்தபோது எனக்கு என் தாத்தாவின் ஞாபகம் வந்தது. அவர் கரூரில் சாயப்பட்டறை வேலை பார்த்தவர், நகக்கண்ணில் எப்போதும் நிறம் இருக்கும். சோழமண்டலக் கரையில் சாயவேரும் படிகாரமும் கடுக்காயும் வைத்து நம் ஆட்கள் பருத்தியில் அழியாத சிவப்பு ஏற்றியது, இவர்கள் அதைக் கற்றுக்கொள்வதற்குப் பல நூறு ஆண்டு முன்னால். அந்தச் சிவப்பை இயந்திரத்தில் ஏற்றி மயில், யானை, பூக்கொடி அச்சுப் போட்டு லெவன் கரையிலிருந்து இந்தியாவுக்கே அனுப்பினார்கள். இந்தியாதான் அவர்களுடைய பெரிய சந்தை. எடின்பரோ தேசிய அருங்காட்சியகத்தில் அந்த அச்சு மாதிரிகளைப் பெரிய பெரிய புத்தகங்களாக வைத்திருக்கிறார்கள். நம் பாட்டிமார் யாராவது கட்டிய சிவப்புத் துணியைச் சாயத்தில் முக்கிய கை, சனிக்கிழமை மதியம் இந்த ஊரில் பந்தின் பின்னால் ஓடிய ஆளின் கையாகவும் இருந்திருக்கலாம்.

டல்குர்னில் இன்று பட்டறை இல்லை. ஆறு மட்டும் வேகமாக ஓடுகிறது.

இனி கால்பந்து. ஸ்காட்டிஷ் கோப்பையின் முதல் ஆட்டங்கள் நடந்த நாள் 1873 அக்டோபர் 18. அன்றே கிளாஸ்கோவில் குயின்ஸ் பார்க்கின் மைதானத்தில் ரென்டன் அணி கில்மார்னக்கை வென்றது. 1875 இல் இறுதிவரை போய் குயின்ஸ் பார்க்கிடம் தோற்றது. பத்து வருடம் காத்திருந்தார்கள். 1885 இறுதியில் எதிரே வந்தது பக்கத்து ஊர் வேல் ஆஃப் லெவன். ரென்டன் நிலையத்துக்கும் அலெக்ஸாண்ட்ரியா நிலையத்துக்கும் ரயிலில் மூன்று நிமிடம்! ஒரே ஆற்றின் தண்ணீரைக் குடிக்கிற இரண்டு ஊர், நாட்டின் கோப்பைக்காக மோதின. முதல் ஆட்டத்தில் கோலே இல்லை. மறு ஆட்டத்தில் ரென்டன் 3-1.

1888 பிப்ரவரியில் கேம்பஸ்லாங் அணியை 6-1 என்று நொறுக்கி மறுபடியும் கோப்பை. இங்கிலாந்தில் அந்த ஆண்டு எஃப்.ஏ. கோப்பை வென்றது வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன். இரண்டு கோப்பை அணிகளும் மோதிப் பார்க்கட்டும் என்று மே 19 அன்று கிளாஸ்கோவில் ஆட்டம் வைத்தார்கள். இடி மின்னலோடு கொட்டுகிற மழை, மைதானம் சேறு. ரென்டன் 4-1. கால்பந்து முறையாக ஆடியது அன்றைக்கு இந்தத் தீவில்தான், இரண்டு நாட்டுச் சாம்பியன்களில் வென்றவர் உலக சாம்பியன் என்பது அவர்கள் கணக்கு. நியாயமான கணக்குத்தான். டான்டைன் பார்க் என்ற தங்கள் மைதானத்துக் கொட்டகையின் முகப்பில் ‘உலக சாம்பியன்கள்’ என்று எழுதி வைத்தார்கள்.

அந்த ஆட்டக்காரர்களின் பலத்துக்குக் காரணம் ‘சிக்கன் ப்ரீ’ என்று ஒரு கதை உண்டு. பெயரில் கோழி இருந்தாலும் கோழிச் சாறு அல்ல, போர்ட் ஒயினில் பச்சை முட்டை அடித்துக் கலந்தது என்பார்கள். எனக்கு அவர்களின் பலத்துக்கு வேறு காரணம் தெரிகிறது. சின்ன வயதிலிருந்து ஒரே தெருவில் சேர்ந்து வளர்ந்தவர்கள், ஒரே பட்டறையில் ஒன்றாக மூட்டை தூக்கியவர்கள். அன்றைய இங்கிலாந்தில் பந்து கிடைத்தவர் தானே தலையைக் குனிந்துகொண்டு ஓடுவார். ஸ்காட்லாந்துக்காரர்கள் ஒருவருக்கொருவர் பாஸ் கொடுத்து ஆடினார்கள். பக்கத்தில் யார் எங்கே நிற்பார் என்று பார்க்காமலே தெரிந்தவர்களுக்கு அந்த ஆட்டம் இயல்பாக வரும்.

டான்டைன் பார்க் எங்கே என்று தெருவில் கேட்டேன். ஒரு பெரியவர் கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிப்போனார். வீடுகள். நேர்த்தியான, சின்ன முன்தோட்டம் வைத்த வீடுகள். ஒரு வாசலில் குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள். “கோல் கம்பம் இந்தப் பக்கம்னு எங்க அப்பா சொல்வார்” என்று ஒரு துணிக்கொடியைக் காட்டினார் அவர். கொடியில் இரண்டு போர்வை காய்ந்துகொண்டிருந்தது. காற்று அடிக்கும்போதெல்லாம் வலை மாதிரி உள்பக்கம் புடைத்துக்கொண்டது. நாங்கள் இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தோம்.

உலக சாம்பியன் ஆன ஒன்பதாம் நாள் என்ன நடந்தது தெரியுமா? 1888 மே 28 அன்று கிளாஸ்கோவில் செல்டிக் என்ற புதுக் கிளப் தன் முதல் ஆட்டத்தை ஆடியது. ரேஞ்சர்ஸை 5-2 என்று வென்றது. செல்டிக்கின் வரலாற்றிலேயே முதல் கோலைப் போட்டவர் நீல் மெக்கால்லம். நடுவில் நின்று ஆட்டத்தை நடத்தியவர் ஜேம்ஸ் கெல்லி. இரண்டு பேரும் ரென்டன் ஆட்டக்காரர்கள். கெல்லி அங்கேயே தங்கிவிட்டார், பின்னாளில் அந்தக் கிளப்பின் தலைவராகவும் ஆனார். அடுத்த ஆண்டு ஜானி கேம்ப்பெல் இங்கிலாந்தின் சண்டர்லாண்டுக்குப் போய், அங்கே மூன்று பருவத்தில் லீக்கிலேயே அதிக கோல் போட்டவர் ஆனார். இங்கிலாந்தில் 1885 இலேயே ஆட்டக்காரனுக்குச் சம்பளம் கொடுப்பது சட்டப்படி சரி. ஸ்காட்லாந்தில் 1893 வரை கூடாது. சாயத்தொட்டியில் நிற்கிற பையனுக்குப் பந்து உதைத்தால் காசு என்றால் போகத்தான் செய்வான். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் எனக்கு உறுத்துவது இன்னொன்று. ஸ்காட்டிஷ் லீக் என்ற அமைப்பே ரென்டனிலிருந்து பிறந்தது. 1890 மார்ச்சில் ரென்டன் செயலாளர் பீட்டர் ஃபேர்லி மற்ற கிளப்களுக்குக் கடிதம் எழுதி, கிளாஸ்கோவில் கூடிப் பேசலாம் வாருங்கள் என்றார். குயின்ஸ் பார்க் வரவில்லை. லீக் வந்தால் சின்னக் கிளப்கள் அழியும் என்பது அவர்கள் பயம். ஆகஸ்டில் லீக் தொடங்கியது, பதினொரு கிளப்கள், மூன்று ஆற்றங்கரை அணிகளும் அதில். ஐந்து ஆட்டம் ஆடியதுமே ரென்டன் வெளியேற்றப்பட்டது. காசு வாங்கி ஆடியதாகத் தண்டனை பெற்ற ஒரு எடின்பரோ அணி, பெயரை மாற்றிக்கொண்டு வந்தபோது அதோடு ஆடிவிட்டது என்பது குற்றம். ஆடிய ஐந்து ஆட்டத்தின் கணக்கையும் அழித்துவிட்டார்கள். ரென்டன் நீதிமன்றம் போனது, அடுத்த பருவம் திரும்பி வந்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை. 1897 இல் தானே லீக்கைவிட்டு விலகியது. 1922 இல் கிளப்பே இல்லை.

வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். குயின்ஸ் பார்க் பயந்தது சரியாகத்தான் நடந்தது. மூன்று ஊர்க் கிளப்களில் கடிதம் எழுதிய ஃபேர்லியின் கிளப்தான் முதலில் மூடப்பட்டது.

நாள் 4, சனிக்கிழமை: அலெக்ஸாண்ட்ரியா

இன்றைக்கு ஆட்டம் இருக்கிறது! வேல் ஆஃப் லெவன் தன் மைதானமான மில்பர்ன் பார்க்கில் ஆடுகிறது. உள்ளூர்க்காரர்கள் சொல்கிற மாதிரி ‘த வேல்’. மதியம்தான் ஆட்டம், ஆனாலும் காலையிலேயே வந்துவிட்டேன்.

இந்த ஊர் ஆட்கள் கால்பந்துக்கு முன்னால் ஆடியது ஷின்டி. வளைந்த மட்டையால் பந்தை அடிக்கிற மலைநாட்டு ஆட்டம். சாயப்பட்டறை வேலைக்கு ஹைலாண்ட் பக்கமிருந்து வந்தவர்கள் அதையும் கூடவே கொண்டுவந்தார்கள். 1872 குளிர்காலத்தில் குயின்ஸ் பார்க் இங்கே வந்து கால்பந்தை ஆடிக் காட்டியது. ஷின்டியில் ஓடிப் பழகிய கால்கள் பந்தைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டன.

கற்றுக்கொடுத்தவரையே நாலு வருடத்தில் வென்றார்கள். 1876 டிசம்பர் 30, ஸ்காட்டிஷ் கோப்பை ஆட்டம், குயின்ஸ் பார்க் 1, வேல் ஆஃப் லெவன் 2. 1867 இல் தொடங்கியதிலிருந்து எந்த ஸ்காட்லாந்து அணியிடமும் தோற்காத குயின்ஸ் பார்க்கின் முதல் தோல்வி அது. அந்தச் செய்தி ரயிலோடு இந்த ஊருக்கு வந்து சேர்ந்த இரவு எப்படி இருந்திருக்கும்! மறுநாள் வருடக் கடைசி இரவு வேறு. ஸ்காட்லாந்தில் அது பெரிய கொண்டாட்டம்.

அந்தப் பருவத்தில் கோப்பை இவர்களுக்கு. ரேஞ்சர்ஸோடு இறுதி மூன்று முறை நடந்தது: 1-1, 1-1, கடைசியில் 3-2. 1878 இலும் கோப்பை. அந்த ஏப்ரலில் லண்டன் போய், இங்கிலாந்தின் கோப்பை அணியான வாண்டரர்ஸை ஓவல் மைதானத்தில் 3-1 என்று வென்றார்கள். பணக்காரப் பள்ளிகளில் படித்த கனவான்களின் அணி அது. வென்றவர்கள் துணிக்குச் சாயம் போடுகிறவர்கள். ரென்டன் உலக சாம்பியன் ஆவதற்குப் பத்து வருடம் முன்னால் நடந்த இதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை, எனக்கு அது ஆதங்கம்தான்.

1879 இல் மூன்றாவது கோப்பை, அது விசித்திரமாக வந்தது. இறுதி ரேஞ்சர்ஸோடு, 1-1. தாங்கள் போட்ட இன்னொரு கோல் செல்லும் என்று ரேஞ்சர்ஸ் புகார் கொடுத்தது, சங்கம் ஏற்கவில்லை. மறு ஆட்டத்துக்கு ரேஞ்சர்ஸ் வரவில்லை. கோப்பை வேலுக்கு. ஐந்து வருடம் கழித்து அதே கதை தலைகீழாக நடந்தது. 1884 இறுதி குயின்ஸ் பார்க்கோடு. வேல் அணியில் சிலருக்கு உடம்பு சரியில்லை, ஒருவர் வீட்டில் சாவு. தேதியைத் தள்ளிவையுங்கள் என்று கேட்டார்கள், கிடைக்கவில்லை. அணி போகவில்லை. கோப்பை குயின்ஸ் பார்க்குக்கு. துக்க வீட்டை விட்டுவிட்டு ஆட வரமாட்டோம் என்று நின்ற அணியை நினைத்தால் எனக்கு அந்த மூன்று கோப்பையைவிட இதுதான் பெரிதாகத் தெரிகிறது.

லீக் வந்த பிறகு சரிவு வேகமாக வந்தது. 1891-92 பருவத்தில் 22 ஆட்டம் ஆடி ஒன்றில்கூட வெல்லவில்லை. ஐந்து டிரா, பதினேழு தோல்வி. கிளாஸ்கோவில் பல்லாயிரம் பேர் காசு கொடுத்துப் பார்க்க வருவார்கள், இங்கே ஊர் மொத்தமே வந்தாலும் அந்த அளவு தேறாது. 1905 இல் இரண்டாம் பிரிவுக்குத் திரும்பி வந்து இருபது வருடம் போராடினார்கள். பள்ளத்தாக்கின் பட்டறைகள் 1898 இல் ஒரே கம்பெனியாகச் சேர்ந்திருந்தன. முதல் உலகப் போருக்குப் பிறகு இந்தியச் சந்தை கைவிட்டுப் போகப் போக இங்கே வேலை குறைந்துகொண்டே வந்தது. நம் ஊரில் அந்நியத் துணியை விலக்கியபோது அதன் மறுமுனை இந்தத் தெருக்களில் இருந்தது. வேலையில்லாதவர்கள் திரண்டு இடதுசாரிகளாக நின்றதால் இந்தப் பள்ளத்தாக்குக்கு ‘குட்டி மாஸ்கோ’ என்றுகூடப் பெயர் வந்தது. பழைய வேல் ஆஃப் லெவன் 1929 இல் மூடப்பட்டது. பத்து வருடம் கழித்து, 1939 இல், அதே பெயரில் ஊர்க்காரர்கள் புதுக் கிளப் தொடங்கினார்கள். நான் பார்க்க வந்தது அதைத்தான்.

மில்பர்ன் பார்க்கில் நுழையும்போது ஒரு பையன் சீட்டு கிழித்துக் கொடுத்தான். கம்பி வேலியைச் சுற்றி நூறு பேர் இருக்கலாம். எல்லோருக்கும் எல்லோரையும் தெரிகிறது. சூடான இறைச்சி பை விற்றார்கள், நான் தேநீர் மட்டும் வாங்கிக்கொண்டேன். அவ்வளவு பக்கத்தில் நின்று கால்பந்து பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று! பந்தை உதைக்கிற சத்தம் நெஞ்சில் கேட்கிறது. பின்வரிசை ஆட்டக்காரர் ஒருவர் வழுக்கி விழுந்து எழுந்தபோது முழங்காலில் சேறும் புல்லும் ஒட்டியிருந்தது, அதைத் துடைக்காமலே கோல் கீப்பரைப் பார்த்துக் கத்தினார்: “பேசு! பேசு!” பக்கத்தில் நின்ற பெண்மணி சொன்னார், “என் தம்பி மகன். திங்கட்கிழமை காலையில் கூரை வேலைக்குப் போகணும், கால் உடையாமல் இருக்கணும்.”

இடைவேளையில் அவரிடம், 1876 இல் குயின்ஸ் பார்க்கை வென்ற கிளப்பைப் பார்க்கத்தான் வந்தேன் என்றேன். அவர் ஆச்சரியப்படவில்லை. “ஆமா, 2-1” என்றார், போன வாரம் நடந்த மாதிரி.

இரண்டாம் பாதி முழுக்க மழை. யாரும் நகரவில்லை. நானும்.

நாள் 5, ஞாயிற்றுக்கிழமை: பல்லோக்கிலிருந்து கீழே

கடைசி நாள். பல்லோக்கில் இறங்கி ஏரியைப் பார்த்தேன். அழகுதான், ஆனால் என் மனது ஆற்றில் இருந்தது. லெவன் ஏரியைவிட்டு வெளியே வருகிற இடத்திலிருந்து கரையோரப் பாதையில் தெற்கே நடந்தேன். வழியெல்லாம் தூண்டில்காரர்கள். பழைய பட்டறைச் சுவர்கள் ஒன்றிரண்டு இடத்தில் பாசியோடு நிற்கின்றன. தண்ணீர் தெளிவாக, அடியிலிருக்கும் கல் தெரிகிற மாதிரி ஓடுகிறது.

அலெக்ஸாண்ட்ரியாவைத் தாண்டும்போது கரையோரப் புல்வெளியில் பையன்கள் ஆறேழு பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். சட்டைகளைக் குவித்து வைத்து அதுதான் கோல் கம்பம். ஒருவன் ஓங்கி உதைத்தான், பந்து என் தலைக்கு மேலே போய் ஆற்றில் விழுந்தது. எல்லோரும் ஓடி வந்தார்கள். தண்ணீர் வேகம், பந்து ஏற்கெனவே நடு ஆற்றுக்குப் போய்விட்டது. சின்னவன் அழுகிற நிலைமை.

தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர் பந்தைப் பார்த்தார், பையனைப் பார்த்தார். “ரென்டன்ல யாராவது பிடிச்சா உண்டு தம்பி. இல்லேன்னா டம்பார்டன்தான்” என்றார்.

பையன்கள் கரையோடு கரையாகத் தெற்கே ஓட ஆரம்பித்தார்கள்.